நிலமே இல்ல சாரே

தங்கதுரை பெண் பார்க்கச் சங்கரன்கோவிலுக்கு வந்த அன்று, பாக்கியலக்ஷ்மியின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “மாப்பிள்ளைக்கு அங்க கொச்சியில குடி...”

“கிடையவே கிடையாது மாமா. வாசனைகூட ஆவாது.”

“...குடியிருக்க வீடு உண்டுமான்னு கேக்க வந்தேன்” என்றார் அப்பா.

வீடும் அப்போது கிடையாது. ஆக, பதில் சரிதான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற பாக்கியலக்ஷ்மியும் சிரித்தாள். சிரித்தது தப்பு என்று பிறகு பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே யாராவது அந்த மனிதரிடம், ‘கேள்வி முடியட்டும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவருக்குக் கேள்வி முழுதாக வேண்டாம், பாதி போதும். மட்டாஞ்சேரியில் அவர் வைத்திருந்த மோட்டார் ரீவைண்டிங் கடையில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. “சேட்டா, மோட்டார் ஓடுந்நுண்டு, பக்ஷே...” என்று ஆள் வாயெடுப்பதற்குள், “வெள்ளம் கேறுந்நில்ல. கபாசிட்டர் போயி. வெச்சிட்டுப் போ, வைகிட்டு வா” என்பார். தண்ணீர் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் கபாசிட்டராகத்தான் இருக்கும். இல்லாத நாளில், சாயந்தரம் வந்து கத்துகிறவரிடம் பாக்கியலக்ஷ்மி சமாதானம் பேசுவாள். வீட்டில் அந்தச் சமாதானம் பேச ஆள் இல்லை. “ராத்திரிக்குக் குழம்பு...” “போதும், போதும்.” “என்ன குழம்பு வைக்கன்னு கேட்டேன்.” இப்படியே குடும்பம் நடந்தது. மகள் தன்யா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒரு சங்கதி சொல்ல ஆரம்பித்தால், முடிவை அப்பாவே சொல்லிவிடுவார். அது வேறு முடிவாக இருக்கும். பிள்ளை அழும்.

பேச்சு விஷயத்தில் அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. இளவயதில் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்க வந்து, அங்கே பழுதான மோட்டார் ஒன்றைப் பிரித்துப் பார்த்துத் தொழிலுக்கு வந்தவர். மலையாளத்தையும் அப்படியே, பிரித்துப் பார்த்தே பிடித்தார். “மலையாளத்தானே எங்கிட்ட வந்து மலையாளம் படிக்கணும்” என்பார். எழுதவோ படிக்கவோ தெரியாது. வாய் இருக்கும்போது எழுத்து எதற்கு என்பது அவர் கட்சி.

கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கண்டல்காடு. காயல் ஏறி இறங்கும் உப்புச் சேற்றில் வேர்களை விரல் விரலாக ஊன்றி நிற்கிற மரங்கள். ஒரு காலத்தில் அங்கே உப்புத் தண்ணீரைத் தாங்குகிற பொக்காளி நெல் விளைந்தது என்றும், விதைக்க ஆள் இல்லாமல் போன பிறகு கண்டல் தானாக ஏறிக்கொண்டது என்றும் பக்கத்துச் சாயாக்கடை யூசுப் சொல்வார். அவருடைய வாப்பா கடையநல்லூரிலிருந்து வந்த காலத்தில் அங்கே அறுவடை பார்த்திருக்கிறாராம்.

அந்தக் காட்டின் மேல் தங்கதுரைக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. கொடியில் காயும் வேட்டியில் கொக்கு எச்சமிட்டால், காயலுக்கு அக்கரை வரை கேட்கிற மாதிரி வைவார். வேனலில் அடிக்கும் சேற்று நாற்றத்துக்கும் தனியாக வசவு உண்டு. ஆனால் ஒரு விஷயம் அவருக்குத் தெரியும். மழை ஓய்ந்த மாதங்களில் காயல் பொங்கித் தெருவுக்குள் வரும், வேலியேற்றம் என்பார்கள். அடுத்த தெருவில் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்துவார்கள். பிரிட்ஜை மேசைமேல் ஏற்றுவார்கள். இந்தத் தெருவில் மட்டும் தண்ணீர் வாசல்படியோடு நின்றுவிடும். கண்டல் முதலில் குடித்துக்கொள்ளும். மோட்டார் காயிலுக்கு உப்புத் தண்ணீர் எமன். கண்டல் போனால் கடை போச்சு, கடை போனால் வீடு போச்சு. அவ்வளவுதான் கணக்கு. கொக்கு, மீன்கொத்தி எல்லாம் மற்றவர்கள் சொல்லிக்கொண்டது.

அந்த இடத்தை வெளியூர் ஆள் ஒருவர் வாங்கினார். விடியக்காலையில் லாரி வர ஆரம்பித்தது. இடித்த வீடுகளின் சிமெண்டு, உடைந்த டைல்ஸ், கக்கூஸ் பீங்கான் என்று கொண்டுவந்து சாலையோரமாகக் கொட்டி, அதன்மேல் செம்மண் தூவிவிட்டுப் போகும். பார்த்தால் தரை மாதிரியே இருக்கும்.

தெருக்காரர்கள் கூடி, கண்டலைக் காப்பாற்ற, கண்டல் சம்ரக்ஷண சமிதி என்று ஒன்று தொடங்கினார்கள். தலைவர் ஹரிநாராயணன். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், நாலு தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற மாதிரி பேசுவார்.

“முதல்ல நமக்கு ஒரு லோகோ வேணுமாக்கும்” என்றார் முதல் கூட்டத்தில். “அப்பறம் பானர்.”

“லாரி தினமும் விடியக்காலம் வருது சாமி. பானரைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருமா?” என்றார் தங்கதுரை.

“எல்லாத்துக்கும் ஒரு கிரமம் உண்டு, ஓய்.”

லோகோவில் கொக்கை வைப்பதா மீன்கொத்தியை வைப்பதா என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் ஓடியது. லாரியும் ஓடியது. சுற்றுச்சூழல் தினத்தன்று செடி நட்டார்கள். நர்சரியில் சும்மா கொடுத்தார்கள் என்று நெல்லியும் மாதுளையும் கொண்டுவந்து, உப்புச் சேற்றில் நட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். தங்கதுரை சாலையில் நின்று பார்த்தார்.

“நெல்லிக்காயை உப்புல ஊறப் போடுவாவ, பாத்திருக்கேன்” என்றார். “மரத்தையே ஊறப் போட்டது நீங்கதான் சாமி.”

ஹரிநாராயணன் வீட்டுப் பூஜைப் பூ, துளசி, தேங்காய் நார் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் முடிந்து வாரத்துக்கு ஒருமுறை அதே கண்டலுக்குள் வந்து விழும். கேட்டால், “நிர்மால்யமாக்கும். குப்பையில போடப்படாது” என்பார். “நிர்மால்யத்தைப் போடுங்க, கவரை எதுக்குப் போடுதீய?” என்று தங்கதுரை கேட்டதற்கு, அதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் சம்சாரிக்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்தில் சம்சாரிக்கவில்லை, அந்தப் பேச்சே எழவில்லை.

எப்படியோ புகார் ஒன்று மேலே போய், ஒருநாள் இடத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். கோடை வெயில். சேறு மேலே காய்ந்து, கொட்டிய மண்ணோடு சேர்ந்து கெட்டித் தரை போலக் கிடந்தது. வாங்கினவரின் ஆள் ஒருவன் அதிகாரிக்குக் குடை பிடித்தான். ஹரிநாராயணன் அவருக்குக் கொடுக்க இளநீர் வாங்கப் போயிருந்தார். அதிகாரிக்கு எதிரே நின்ற உள்ளூர் ஆள் தங்கதுரைதான். பாக்கியலக்ஷ்மி இரண்டடி பின்னால் நின்றாள்.

“சேட்டன் இவிடெ குறே காலமாயோ?”

“முப்பது கொல்லம் சாரே” என்று முப்பது வருஷத்தைப் பெருமையாகச் சொன்னார்.

“எந்நா பற. இது பண்டு நிலமாயிருந்நோ, அதோ...”

“நிலமோ?” தங்கதுரைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடைக்காரனைப் பார்த்துக்கொண்டே சத்தம் போட்டார். “எவிடெ சாரே நிலம்? நிலமே இல்ல சாரே! அன்னும் இல்ல, இன்னும் இல்ல!”

“உறப்பாணோ?” நிச்சயம்தானா என்று கேட்டார் அதிகாரி.

“நூறு உறப்பு. எவிடெ வந்நும் பறயாம்.”

எழுதி நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். குடைக்காரன் குடையை இவர் பக்கமும் கொஞ்சம் சாய்த்தான். அது ஏன் என்று பாக்கியலக்ஷ்மிக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது.

“நறுக்குன்னு சொல்லிட்டேன் பாக்கியம்” என்றார் வீட்டுக்கு வந்து. “நிலம்னு ஒண்ணு இருந்தாத்தான வீடு கெட்டுவான்? நிலமே இல்லன்னுட்டேன். வெறும் தண்ணியில எங்கன கெட்டுவான்?”

கொஞ்ச நாள் லாரி வரவில்லை. சமிதியில் அவருக்குப் பொன்னாடை போர்த்தலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. பிறகு ஒருநாள் லாரி வந்தது, பட்டப்பகலில். தங்கதுரை குறுக்கே போய் நின்றார். டிரைவர் வைவான் என்று பார்த்தால், பணிவாக ஒரு காகித நகலை எடுத்து நீட்டினான். அனுமதி கிடைத்துவிட்டதாம்.

தன்யா அப்போது காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையில் இருந்தாள். அன்று லீவு. காகிதத்தை வாங்கிப் படித்தாள். பாதியில் நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்க நிலம் இல்லன்னா சொன்னீங்க?”

“ஆமா. நல்லா சத்தமாத்தான் சொன்னேன்.”

“அய்யோ. இங்க ரெவின்யூல நிலம்னா வயலாக்கும் அப்பா. நெல்லு வெளையுற, தண்ணி நிக்குற ஸ்தலம். அதை மண்ணு போட்டு மூடக் கூடாது, சட்டம் உண்டு. நிலம் இல்லன்னா பறம்பு. மேட்டுத் தரை. பறம்புல என்ன வேணும்னாலும் கட்டலாம்.”

“வயலுக்கு வயல்னு சொல்ல வேண்டியதுதான?”

“ஆபீஸ்ல நிலம்னுதான் சொல்வாங்க.”

“அப்ப நிலத்துக்கு என்ன சொல்லுவான்?”

“பூமி.”

“பூமின்னா உலகம்லா?”

“அப்பா!”

பாக்கியலக்ஷ்மி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். காப்பாற்ற வேண்டியதாக இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைத்தான் இல்லவே இல்லை என்று தெருவுக்கே கேட்கக் கத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

“அந்த ஆபீசர் ‘அதோ’ன்னு இழுத்தாரு, நானே கேட்டேன். இன்னும் ஒரு வார்த்தைக்குப் பொறுத்திருந்தா என்ன?” என்றாள்.

“என்ன சொல்லியிருப்பான்?”

“‘நிலமோ அதோ பறம்போ’ன்னு, நிலமா இல்ல பறம்பான்னு கேட்டிருப்பாரு. பறம்புன்னா உங்களுக்குத் தெரியும்லா?”

கேள்வி முழுதாகக் கேட்கப்பட்டிருந்தது, பதில் இல்லை. அவருக்கு அது புது அனுபவம்.

சாயந்தரம் சமிதியே வாசலில் நின்றது. “உம்மாலயாக்கும் எல்லாம் போச்சு, ஓய்” என்றார் ஹரிநாராயணன். “ஒரு வாக்கு கேட்டிருக்கப்படாதா? நான் இளநீர் வாங்கப் போன நேரம் பாத்தா பேசணும்?” கூட்டத்தில் பின்னால் நின்ற ஒருவர், சமிதிக்குள் இருந்துகொண்டே காசு வாங்கி ஆள் மாறிவிட்டார் என்றார். குடைக்காரன் குடை சாய்த்ததைப் பார்த்தவர் அவர்.

யூசுப் சாயாக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “அண்ணாச்சிக்கு வாய்தான் நீளம். கை நீளம் இல்ல. தெரிஞ்சு பேசணும்.”

ஆள் மாறிவிட்டார் என்ற அந்த ஒரு வார்த்தை தங்கதுரையைக் குத்தியது. லாரி போட்ட மண்ணைவிட அதுதான் குத்தியது என்று பாக்கியலக்ஷ்மி நினைத்தாள். அன்றிலிருந்து கண்டல் அவருக்குத் தண்ணீர் நிற்கிற இடம் மட்டும் இல்லை. தன் பேரும் அதற்குள் புதைந்து கிடக்கிறது என்று நினைத்தார்.

சொன்னதைத் திருத்த வேண்டும் என்று மனு கொடுத்தார். தன்யா எழுதிக் கொடுத்தாள். அவளும் முதல் சில தடவை கூட வந்தாள். பிறகு லீவு கிடைக்கவில்லை. கடையை யூசுப் பார்த்துக்கொள்ள, கணவனும் மனைவியுமாகப் போனார்கள். பேசக்கூடாத நேரத்தில் அவர் பேசிவிடாமல் இருக்க, பாக்கியலக்ஷ்மி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அவர் சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொள்வாள். எதிராளி கேள்வியை முடித்த பிறகு விடுவாள். விட்ட பிறகுதான் பேசலாம். மூக்கணாங்கயிறு என்றார் அவர். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதிகாரி லீவு. அதிகாரி மாறிவிட்டார். புது அதிகாரிக்கு விஷயம் தெரியாது. விஷயம் தெரிந்த கிளார்க் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பழைய மனு இருக்கிறது, அதோடு இணைத்த படம் இல்லை. படம் கொண்டுபோன நாளில் மனு இல்லை. ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அதாவது, தனக்கு மலையாளம் தெரியாமல் போய்விட்டது என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்ல வேண்டும். மலையாளத்தானுக்கே மலையாளம் கற்றுக்கொடுப்பேன் என்றவர்.

“அப்போ அன்னு பறஞ்ஞது தெற்றாணு, அல்லே?” என்று கேட்டார் ஒரு மேசைக்காரர், அன்று சொன்னது தப்புதானே என்கிற தோரணையில்.

பாக்கியலக்ஷ்மி சட்டையை விட்டாள்.

“தெற்றில்ல சாரே” என்றார் தங்கதுரை. “அது தமிழ்.”

மேசைக்காரர் பேனாவை மூடினார். “தமிழில் பறஞ்ஞதினு தெளிவுண்டோ?”

தமிழில் சொன்னதற்கு அத்தாட்சி. பாக்கியலக்ஷ்மிக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் தங்கதுரை ஜன்னலைப் பார்த்தபடி, “நிலம், நிலம், நிலம்” என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

இதற்கிடையில் சமிதி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி கொக்கு, ஒரு பாதி மீன்கொத்தி.

மறு பரிசோதனைக்கு உத்தரவு வந்தபோது ஜூன் மாத இடவப்பாதி மழை பிடித்திருந்தது. வந்த அதிகாரி ஒரு பெண். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்க்காரி. தங்கதுரையின் பேரைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார். நல்ல மனசோடுதான் பேசினார். வினை அங்கேதான் வந்தது.

முதல் நாள் ராத்திரி முழுக்க வீட்டில் பாடம். ‘நிலம்தான்’ என்று ஒரே வார்த்தை, அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்று தன்யா போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேள்வி மலையாளத்தில் வரும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

“ஐயா, நீங்களே சொல்லுங்க” என்றார் சித்தூர்க்காரி. “இது நிலந்தானா?”

சட்டை பாக்கியலக்ஷ்மியின் கையில் இருந்தது. கேள்வி முடிந்துவிட்டது. விட்டாள். விட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். தங்கதுரை வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

“மேடம், நீங்க கேக்குறது தமிழ் நிலமா, மலையாள நிலமா?”

அதிகாரிக்குப் புரியவில்லை. சிரித்தார். குடைக்காரன் இந்தத் தடவையும் இருந்தான். கொட்டிய மண்ணின்மேல் ஏறி நின்று இரண்டு தடவை குதித்துக் காட்டினான். “நோக்கு மேடம், நல்ல உறச்ச தரையாணு. அண்ணன் தன்னெ அன்னு எழுதிக் கொடுத்ததாணு, நிலமல்லெந்நு.”

தங்கதுரை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“என்ன செய்யுதீய? போவாதீய!” என்றாள் பாக்கியலக்ஷ்மி.

குடைக்காரனைத் தாண்டி, மண் கொட்டிய விளிம்பைத் தாண்டி, கண்டல் வேர்களுக்கு நடுவே இறங்கினார். முதல் அடியில் கணுக்கால். இரண்டாவதில் முழங்கால். அடுத்ததில் தொடை வரை போய், மரத்தில் அடித்த ஆணி மாதிரி நின்றுவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. கொக்குகள் கிளம்பி ஒரு வட்டம் அடித்து, திரும்ப வந்து உட்கார்ந்தன.

“எனக்கு பாஷை தெரியாது மேடம்” என்று அங்கிருந்து கத்தினார். “இதுக்கு உங்க கணக்குல என்ன பேரோ, அதை எழுதிக்கிடுங்க!”

அதிகாரி எழுதினார். எழுதி முடித்த பிறகும் தங்கதுரை வரவில்லை. வர முடியவில்லை. காலை எடுக்க எடுக்கச் சேறு உள்ளே இழுத்தது. யூசுப் ஓடிப்போய்ச் சமிதி பானரின் இரண்டு மூங்கிலையும் உருவிக்கொண்டு வந்தார். கொக்குக்காரர்களும் மீன்கொத்திக்காரர்களும் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள். சமிதி தொடங்கிய நாளிலிருந்து செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது தண்ணீர் சிவப்பாகப் போனது. பாதத்தின் பக்கவாட்டில் நீளமான வெட்டு. சேற்றுக்குள் புதைந்திருந்த டைல்ஸ்.

“ஆஸ்பத்திரிக்கு...”

“வேண்டாம்.”

“ஊசி போடணும்.”

“மஞ்சள் வை. போதும்.”

சேற்றில் இறங்கினவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க மாத்திரை கொடுத்துக்கொண்டு சுகாதார ஊழியரான ஆஷா சேச்சி வந்தாள். “அண்ணாச்சிக்கு முறிவு வல்லதும்...” என்று, காயம் ஏதாவது உண்டா எனக் கேட்க ஆரம்பித்தாள். “ஒண்ணுமில்ல சேச்சி, நல்லாருக்கேன்” என்று மாத்திரையும் வாங்காமல் அனுப்பிவிட்டார். பாக்கியலக்ஷ்மி அப்போது அடுக்களையில் இருந்தாள். சட்டையைப் பிடிக்க ஆள் இல்லை.

காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார். கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு அவருக்குப் பதிலாகப் பாக்கியலக்ஷ்மி சொன்னாள், முதல் தடவையாக. டாக்டர் கேட்டதை முழுதாகக் கேட்டு, நிதானமாக, ஒன்று விடாமல் சொன்னாள். நேரம் கடந்துவிட்டிருந்தது. சிறுநீரகம், பிறகு நுரையீரல். தன்யா காக்கநாட்டிலிருந்து வந்து சேர்ந்த அன்று அவருக்குப் பேச்சு இல்லை. அப்பா, நான் வந்திருக்கேன், கேக்குதா என்று கேட்டாள். முழுதாகக் கேட்டாள். பதில் வரவில்லை.

வெட்டியது சேறு அல்ல. சேற்றின்மேல் கொட்டின டைல்ஸ். அதை யாரிடம் போய்ச் சொல்வது, எந்த மேசையில், எந்தப் பாஷையில் என்று பாக்கியலக்ஷ்மிக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சில நாளில் உத்தரவு வந்தது. தன்யா படித்தாள். நேரில் பார்த்ததில் இது நிலம் என்று தெரிய வந்ததால் அனுமதி ரத்து. கொட்டியதை எல்லாம் கொட்டியவரே அள்ள வேண்டும். லாரி அதோடு நின்றது. அள்ள யாரும் வரவில்லை. குடைக்காரனையும் காணவில்லை. அந்த மண்மேட்டில் இப்போது பூசணிக்கொடி படர்ந்திருக்கிறது.

சமிதி மறுபடி ஒன்றாகி இரங்கல் கூட்டம் நடத்தியது. கண்டல் ஓரத்தில் ஒரு பலகை வைக்கத் தீர்மானித்து, பாக்கியலக்ஷ்மியிடம் வந்தார்கள்.

“தங்கதுரையோட படம், மேல நம்ம லோகோ” என்றார் ஹரிநாராயணன். “லோகோல ரெண்டு பக்ஷியும் உண்டு இப்போ. பாத்தேளா?”

“படம் வேண்டாம் சாமி. கொக்கு மூஞ்சியிலயே எச்சம் போடும். அவருக்குப் பிடிக்காது.”

“பின்னே என்ன எழுதறது?”

அவள் யோசித்து வைத்திருந்தாள். “மலையாளத்துல ‘இது நிலம்’னு எழுதுங்க. அதுக்குக் கீழ தமிழ்ல, ‘இது நிலம் இல்லை’ன்னு எழுதுங்க.”

ஹரிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். “பாக்கியம்மா, ஒண்ணுக்கொண்ணு நேர் விரோதமான்னா இருக்கு? ரெண்டு பாஷையும் வாசிக்கறவா சிரிக்க மாட்டாளா?”

“சிரிக்கட்டும். மேல உள்ளது அந்த ஆபீசரம்மா எழுதினது. கீழ உள்ளது அவரு சொன்னது. ரெண்டும் நெசந்தான்.”

இதற்கும் ஒரு கூட்டம் போட்டார்கள். நாளைக்கு இன்னொரு அதிகாரி வந்து கீழ் வரியைப் படித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் பயந்தார். தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி வருவதற்குள் நாம் யாரும் இருக்க மாட்டோம் என்று யூசுப் தைரியம் சொன்னார். மலையாள வரியைத் தன்யா எழுதினாள். தமிழ் வரியையும் தானே எழுதுகிறேன் என்று எழுதிக் காட்டினாள். அவள் தமிழில் ல, ள, ழ மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். யார் வேண்டுமானாலும் யார் சட்டையையும் போட்டுக்கொள்ளும். பாக்கியலக்ஷ்மி பென்சிலை வாங்கித் தானே எழுதிக் கொடுத்தாள். பெயிண்டர் அதை அப்படியே பார்த்து வரைந்தான்.

பலகை வைத்த மறுநாள் காலையில் துணி காயப்போட வந்தவள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பலகையின் காலில் ஒரு பிளாஸ்டிக் கவர் சாய்ந்து கிடந்தது. சுற்றிக்கொண்டு போய் எடுத்து அவிழ்த்தாள். வாடின துளசி, அரளி, தேங்காய் நார். பூவைத் தண்ணீரில் விட்டாள். நாரை மரத்தடியில் போட்டாள். ஈரம் சொட்டுகிற கவரை எடுத்துக்கொண்டு நேரே ஹரிநாராயணன் வீட்டு வாசலுக்குப் போய் மணியை அடித்தாள்.

அவர் துண்டோடு வந்து கதவைத் திறந்தார். கவரைப் பார்த்தார். “பாக்கியம்மா, அது...”

“நிர்மால்யமாக்கும். குப்பையில போடப்படாது. தெரியும்” என்றாள். “இது உங்க கவர்.”

கவரைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்கினாள். அவர் சொல்ல வந்தது வேறு எதுவாகவும் இருக்கலாம். பின்னால் ஏதோ கூப்பிடுகிற மாதிரிகூட இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று தெருவைக் கடந்தாள்.